எவரும் பின்தங்காத பயணம்

(அறக்கட்டளையின் குடும்ப விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

விழா நாளில் மூன்று தலைமுறையினர் ஒருங்கே கூடியிருக்கும் காட்சி கண்ணுக்கு இனியது. எனினும், தங்கள் ஒவ்வொருவரிடமும் ஒன்று கேட்க விரும்புகிறேன். இன்று வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தோமா, அன்றி உள்ளே ஒருவரை விட்டுவிட்டு வந்தோமா?

நான்கு ஆண்டுகள் நாங்கள் அவ்வாறு விட்டுவிட்டு வந்தவர்களே. பக்கவாதத்தால் என் தாயாருக்கு இடப்பக்கம் செயலிழந்தது. பேச்சும் நினைவும் குன்றவில்லை. வீட்டினுள் சக்கர நாற்காலியில் உலவுவார். ஆனால் காரில் ஏற்ற இருவர் வேண்டும். ஒருவர் தோளுக்கடியில் கைகொடுத்துத் தூக்க, மற்றவர் கால்களைப் பற்ற வேண்டும். தெருவில் நின்று பார்ப்போர் முன்னே, புடவையைச் சரிசெய்துகொள்ளவும் இயலாமல் அவர் கண்களை மூடிக்கொள்வார். ஒருமுறை என் கை நழுவி, அவர் முழங்கால் கார்க் கதவில் மோதிற்று. அதன்பின் எங்கே அழைத்தாலும், "நீங்கள் போய் வாருங்கள். நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்" என்பதே அவர் மறுமொழி. அதனை அவருடைய விருப்பம் என்றே எண்ணிக்கொண்டோம். எங்களுக்கும் அது எளிதாயிருந்தது என்பதை இன்று மறைக்க விரும்பவில்லை.

சென்ற ஆண்டு என் மைத்துனர், சக்கர நாற்காலியுடனே ஏறத்தக்க வேன் ஒன்றை ஒருநாள் வாடகைக்கு ஏற்பாடு செய்தார். அதன் பின்கதவைத் திறந்தால் சாய்தளம் ஒன்று தரைவரை இறங்கும். நாற்காலியைத் தள்ளி ஏற்றி, முன்புறம் இரண்டும் பின்புறம் இரண்டுமாக நான்கு பட்டைகளால் அதன் சட்டத்தைத் தரையோடு பிணைப்பர். அமர்ந்திருப்பவருக்கு இடுப்பையும் தோளையும் அணைக்கும் பட்டை தனியே உண்டு. அம்மாவை எவரும் தொட்டுத் தூக்கவில்லை. பேரப்பிள்ளைகள் இருபுறமும் அமர, அவர் நடுவில் இருந்தார்.

சென்னையிலிருந்து ஏறத்தாழ 75 கி.மீ. தொலைவிலுள்ள காஞ்சிபுரத்துக்குச் சென்றோம். திருப்பருத்திக்குன்றம் திருக்கோயில் மலைமேல் அன்றிச் சமதரையில் அமைந்திருப்பது எங்களுக்கு வாய்ப்பாயிற்று. தெருவில் உருண்ட சக்கரங்கள் உள்ளே வரலாமா என்னும் தயக்கம் எழுமென்று எண்ணி, ஈரத்துணியால் அவற்றை நன்கு துடைத்தோம். படியுள்ள இடத்தில் நால்வர் நாற்காலியோடு தூக்கினோம். வண்டி வாசல்வரை கொண்டுசேர்க்கும். அதற்கப்பால் உள்ளது நம் பொறுப்பே.

14ஆம் நூற்றாண்டில், விசயநகர அரசின் அமைச்சர் இருகப்பர் எடுப்பித்த சங்கீத மண்டபத்தின் விதானத்தை அண்ணாந்து நோக்கினோம். தீர்த்தங்கரர் வரலாறுகள் அங்கே ஓவியங்களாக விரிகின்றன. எனக்கு அவற்றுள் பாதியும் விளங்கவில்லை. அம்மாவுக்கோ ஒவ்வொன்றும் தெரிந்திருந்தது. ஒரு கையால் சுட்டிக்காட்டி, இது ரிஷபதேவர் வரலாறு, அது நேமிநாதர் வரலாறு என்று பிள்ளைகளுக்குக் கதை சொல்லத் தொடங்கினார். அரைமணி நேரம் எவரும் அவ்விடம்விட்டு அகலவில்லை. நான்கு ஆண்டுகள் நாங்கள் அவரை மட்டுமே வீட்டில் விட்டுச் சென்றதாக நினைத்திருந்தோம். பிள்ளைகளுக்குரிய கதைகளையும் அவரோடு விட்டுச் சென்றிருந்தோம் என்பது அன்றுதான் புரிந்தது.

கதிரவன் மறையுமுன் உணவருந்தவும் நேரம் இருந்தது. முன்பெல்லாம் ஏற்றி இறக்குவதிலேயே பொழுது கழியும்.

இத்தகைய வண்டியை நாடுவோர் சிலவற்றைக் கருத வேண்டும். நாற்காலி முன்னோக்கியே இருத்தல் வேண்டும். பிணைக்கும் பட்டையைக் கழற்றத்தக்க கைப்பிடியிலோ காலடித் தட்டிலோ மாட்டலாகாது. நாற்காலியில் அமர்ந்தபடி தலை கூரையில் இடிக்காத உயரம் உண்டா என்று முன்பே அளந்து பார்க்க வேண்டும். சொந்த வண்டியை மாற்றியமைப்போர், அம்மாற்றத்தை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவுச் சான்றில் சேர்த்துக்கொள்ளுதல் அவசியம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அவர்கள் தாராளமாக வெளியே சென்றுவர வழிசெய்வதை அரசின் கடமையாகவே வகுத்துள்ளது.

ஒரு குடும்பம் தனித்து வாங்குதற்கு இவ்வண்டி பெருஞ்செலவுடையது. ஆயினும் ஆண்டில் சில நாள்களே ஒவ்வொரு குடும்பத்துக்கும் தேவைப்படும். ஆதலால், பல குடும்பங்கள் பொருள் சேர்த்துப் பொதுவில் ஒன்றை வைத்துக்கொள்ளலாகாதா? தேர்த்திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் முறைவைத்து அதனைப் பயன்படுத்தலாமே! இக்கருத்தைச் சான்றோர் முன் வைக்கிறேன்.

என் தாயார் இன்று இவ்வரங்கின் முன்வரிசை ஓரத்தில் அமர்ந்திருக்கிறார். இவ்வுரையில் பிழையிருப்பின் அவரே திருத்துவார். அடுத்த ஆண்டு அவருக்கருகில் இன்னும் சில சக்கர நாற்காலிகள் நிற்குமாயின், அதனினும் மகிழ்ச்சி எனக்கு வேறில்லை.