ஏடு எவர் கையில்?



பழவேற்காட்டு ஏரிக்கரையில் நண்டும் இறாலும் கரையேறும் வேளையில் இரண்டு பொருள்கள் அவற்றுக்காகக் காத்திருக்கின்றன. ஒன்று வணிகரின் எடைக்கருவி. மற்றொன்று வணிகரின் குறிப்பேடு. படகு மீனவனுடையது, வலை மீனவனுடையது, அலையில் அலைக்கழியும் உடலும் அவனுடையதே. எடையும் ஏடும் மட்டும் அவனுடையவை அல்ல! வலை வாங்கவும், படகைச் செப்பனிடவும், மகளுக்கு மணம் முடிக்கவும் மீனவர் பலர் பெற்ற முன்பணம் அவ்வேட்டில் ஏறிக் கிடக்கிறது. முன்பணம் தந்தவர்க்கே, அவர் சொன்ன விலைக்கே பிடித்ததை விற்க வேண்டும் என்னும் கட்டும் அதனுடன் எழுதப்படாமலே ஏறிக் கிடக்கிறது. கழிந்தது எவ்வளவு, எஞ்சியது எவ்வளவு என்பதை ஏட்டுக்குரியவர் சொல்வார், கடன்பட்டவன் கேட்டுக்கொள்வான்.

அவ்வேட்டை ஒருவர் கையினின்று பலர் கைக்கு மாற்றக்கூடிய கருவி ஒன்று உலகில் தோன்றியிருக்கிறது. பிளாக்செயின் என்று மேலையர் வழங்கும் அதனைத் தொடரேடு என்று தமிழில் சொல்லலாம். யானையைப் பிணிக்கும் இரும்புக் கட்டுக்குத் தொடர் என்று பெயரிட்ட மொழிக்கு இதற்கொரு சொல் கடன் வாங்கும் தேவை இல்லை.

மின்காசு என்றவுடன் சூதும் ஏய்ப்பும் நினைவுக்கு வருதலால், இக்கருவியின் பெயரும் உடன் கெட்டுக் கிடக்கிறது. கெட்டது காசு, ஏடு அன்று. சாத்தோசி நகமோட்டோ என்னும் புனைபெயரில் 2008-இல் வெளிவந்த கட்டுரையின் வழியே பிட்காயின் என்னும் மின்காசு 2009 சனவரியில் இயங்கத் தொடங்கிற்று. ஆனால், அதற்குப் பல்லாண்டு முன்னரே, 1991-இல், ஏபர், சிதோர்னெட்டா என்னும் அறிஞர் இருவர், ஓர் ஆவணம் இன்ன நாளில் இவ்வாறே இருந்தது என்பதைப் பின்னர் எவரும் திருத்த இயலாதபடி நிறுவும் வழியை எழுதி வெளியிட்டுவிட்டனர். காசு பிறக்குமுன் ஏடு பிறந்துவிட்டது என்க.

அது இயங்கும் முறை கடினமானதன்று. ஏட்டின் ஒரு பக்கத்தில் உள்ள எழுத்துகளையெல்லாம் கணிப்பொறி ஒரு கணக்கு முறையாற் பிழிந்து, நீளம் மாறாத ஓர் எண்கோவையாக்குகிறது. அது அப்பக்கத்தின் விரல்வரி போன்றது. ஒரு புள்ளியை மாற்றினும் விரல்வரி முற்றிலும் வேறாகிவிடும். முதற் பக்கத்தின் விரல்வரி இரண்டாம் பக்கத்தின் தலையிலும், இரண்டாவதன் விரல்வரி மூன்றாவதன் தலையிலுமாகத் தொடர்ந்து எழுதப்படுகின்றன. எனவே பத்தாம் பக்கத்தைத் திருத்த விரும்பும் கள்வன் பதினொன்று முதல் இறுதிவரை அனைத்தையும் திருத்தியாக வேண்டும். அதுவும் போதாது, ஏட்டின் படி உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் உள்ளது. ஒருவன் தன் படியைத் திருத்தினால் மற்றவர் படிகள் அவனைக் காட்டிக் கொடுத்துவிடும். பிட்காயின் ஏட்டுக்குள் முகமறியாத எவரும் நுழையலாமாதலின், அதன் காவலுக்காக மின்னாற்றலை வெள்ளமாகக் கொட்ட நேர்கிறது. வணிகர் தமக்குள் வைத்துக்கொள்ளும் ஏட்டில் உறுப்பினர் இன்னார் என்பது தெரிந்திருத்தலின் அவ்வீண்செலவு இல்லை.

வணிக உலகம் இதனை எவ்வாறு கைக்கொண்டது? அமெரிக்க வால்மார்ட்டுக் குழுமம் மாம்பழத் துண்டுப் பொதி ஒன்றை எடுத்து, அப்பழம் எந்தத் தோட்டத்தது என்று தன் ஆள்களைத் தேடச் சொன்னபோது ஏறத்தாழ ஏழு நாள் ஆயிற்று. அதே செய்தியைத் தொடரேட்டிற் பதிந்து தேடியபோது 2.2 நொடியே ஆயிற்று. நச்சுப்பட்ட உணவு கடைக்கு வந்துவிட்டால், ஏழு நாளுக்கும் இரண்டு நொடிக்கும் இடையே எத்தனை வயிறுகள் கெடும் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

2019 அக்டோபரில் அக்குழுமம் ஐ.பி.எம். நிறுவனத்துடன் சேர்ந்து, ஆந்திரத்தில் வளர்த்த இறாலைப் பண்ணையினின்று அமெரிக்கக் கடை வரை தொடரேட்டிற் பின்தொடரும் முயற்சியை அறிவித்தது. பழவேற்காட்டு ஏரியின் பெரும்பகுதி அவ்வாந்திரத்துள் அடங்கியதே. தமிழ்நாட்டுக்கு எஞ்சியது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. (எல்லை வகுத்த கதையைக் கிளறினால் இவ்வுரை முடியாது.) கடல்விளைபொருள் எங்கே, எவ்வாறு பிடிக்கப்பட்டது என்பதற்குச் சான்று வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதலே கேட்டு வருகிறது, அமெரிக்கா 2018 முதல் கேட்கிறது. சான்று கேட்கும் காலம் ஏரியின் வாயிலுக்கே வந்துவிட்டது.

இவையெல்லாம் பெருவணிகர் செய்தி, பொதுமக்கட்கு என்ன என்று கேட்போர், தம் கைப்பேசியைத் திறந்து பார்க்கலாம். வங்கியினின்று வரும் குறுஞ்செய்திகளின் தலைப்பும் வாசக அமைப்பும் தொடரேட்டிற் பதியப்பட்டவையாதல் வேண்டும் என்பது இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்காணையம் 2018-இல் வகுத்த விதியின் விளைவு. 2021 மார்ச்சில் அவ்விதியைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தத் தொடங்கியபோது, பதிவிற் பொருந்தாத செய்திகள் தடைப்பட்டு வங்கிப் பணிகள் தடுமாறின. ஒரு கிழமைக்கு அதனைத் தள்ளிவைக்க நேர்ந்தது. ஏடு எவ்வளவு உறுதியோ, அதில் முதலில் எழுதுவதில் நேரும் பிழையும் அவ்வளவு உறுதியாகிவிடும் என்பதற்கு இது போதிய காட்டு.

தோல்வியும் உண்டு. கப்பற் சரக்கு ஆவணங்களுக்காக மேர்சுக்குக் கப்பற் குழுமமும் ஐ.பி.எம். நிறுவனமும் 2018-இல் தொடங்கிய திரேடுலென்சு என்னும் ஏடு, 2022 நவம்பரில் மூடப்படுவதாக அறிவிக்கப்பட்டது. கருவி பழுதன்று, துறை முழுவதன் ஒத்துழைப்புக் கிடைக்கவில்லை. போட்டிக் குழுமம் ஒன்றின் கைப்பட்ட ஏட்டில் தம் கணக்கை எழுத எவர்தாம் விரைந்து முன்வருவர்? பல கோடிப் பணம் கொட்டிப் பெருமுதலாளிகள் கற்றுக்கொண்ட பாடம், பழவேற்காட்டுக் குப்பங்களில் எழுத்தறியாத மூதாதையர்க்கு முன்பே தெரிந்திருந்தது.

பாடு முறையைத்தான் இங்குச் சொல்வது. கோட்டைக்குப்பம், நடூர் மாதா குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களின் மீனவர், ஏரியில் வலை நட்டு இறால் பிடிக்கும் நல்ல இடங்களை எவரும் தமக்கென வளைத்துக்கொள்ளாதபடி, சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொண்டனர். எவருக்கு எந்த நாள், எந்த இடம் என்பது பலர் முன்னிலையில் முடிவாகும். தலைக்கட்டுப் பட்டியலில் பெயருடைய ஒவ்வொருவரும் அம்முடிவுக்குச் சான்றாளர். ஒருவன் முறை மாறி வலை நட்டால், ஏட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டியதில்லை, ஊரே ஏடு. இம்முறையைப் பற்றி ஒன்றிய நாடுகள் அவையின் உணவு வேளாண்மை அமைப்பு 1991-இல் தனி ஆய்வறிக்கையே வெளியிட்டது. படி பலர் கையில், விதி பலர் ஒப்புதலில், திருத்தம் எவர்க்கும் இயலாமை – தொடரேட்டின் மூன்று உறுப்புகளும் அங்கு உள்ளன; கணிப்பொறி ஒன்றே இல்லை.

உத்தரமேரூர்க் கல்வெட்டுக் காட்டும் குடவோலையும் இவ்வகையதே. பராந்தகன் காலத்து அவ்விதிப்படி, முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவன் பெயர் மட்டுமன்று, அவன் உறவினர் பெயரும் குடத்துள் விழாது. ஆயின் அது பார்ப்பனர் அவை. உழுகுடிகளின் ஓலை அக்குடத்தில் இடப்படவே இல்லை. பாட்டிலும் அக்குறை உண்டு. அதனை மறைத்துப் பேசுதல் அறமாகாது. தலைக்கட்டு ஒரு குலத்து மணமான ஆடவர்க்கே உரியது. இடுப்பளவு நீரில் நின்று கையால் தடவி இறால் பிடித்துப் பறியில் இடும் இருளர் மகளிர்க்கும், ஏரியை நம்பி வாழும் பிற குடிகளுக்கும் அதில் இடமில்லை. ஏரியில் எழுந்த பூசல்கள் பலவற்றுக்கு அதுவே வித்து.

அவையோரே! இனி, ஏடு பிறர் கையிற் போனால் என்னாகும் என்பதையும் பழவேற்காடே அறியும். ஒல்லாந்தர் 1613-இல் இங்குக் கெல்திரியாக் கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரை வாணிகத்துக்கு இதனைத் தலைமையிடமாக்கினர். நெசவுத் துணிக்கு முன்பணம் கொடுத்தே அவர்கள் வாணிகம் நடந்தது. கணக்கு அவர் மொழியில். ஏடு அவர் கிடங்கில். அந்தக் குழுமம் 1799-இல் மறைந்தது. ஆயினும் அக்காலப் பழவேற்காட்டு வாணிகத்தை ஆராய விழையும் தமிழன், இன்றும் பெரிதும் ஒல்லாந்து நாட்டு ஆவணக்களரியின் ஏடுகளையே நாட வேண்டும். முன்பணம், அயல்மொழிக் கணக்கு, அயலான் கிடங்கு! தொடரேடும் ஆங்கிலத்தில், அயல்நாட்டுக் குழுமத்தின் கணிப்பொறியில், வாங்குவோர் மட்டும் எழுதும் உரிமையுடன் வருமானால், அது கெல்திரியாக் கோட்டையின் புதுப்படியே.

ஆகவே கேள்வி, தொடரேடு வேண்டுமா என்பதன்று; எழுதும் உரிமை எவர்க்கு என்பதே. நண்டு கரையேறும் இடத்தில் எடை இருவர் ஒப்புதலோடு பதிதல் வேண்டும் – விற்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர். எடைக்கருவி பொய்த்தால் தொடரேடு அப்பொய்யை அழியாமற் காக்குமே ஒழியத் திருத்தாது. ஆதலின் எடைக்கருவி மீனவர் கூட்டுறவின் உடைமையாக இருத்தல் வேண்டும். ஏட்டின் படியொன்று அக்கூட்டுறவிடம் இருத்தல் வேண்டும். பதிவு தமிழில் அமைதல் வேண்டும். முன்பணமும் கழிவும் அதே ஏட்டில் ஏறினால், எஞ்சிய கடனை மீனவனே பார்த்துக்கொள்வான். கடனைப் பிடித்தம் செய்யும் தானியங்கு ஒப்பந்தம் என ஒன்றைக் கணிப்பொறியாளர் பெருமையாகக் கூறுவர். அதில் விழிப்பு வேண்டும். மீன் கிடைக்காத கிழமையில் மனித வணிகரிடம் கெஞ்சவாவது வழியுண்டு. தானியங்கியிடம் அதுவும் இல்லை. பிடித்தத்துக்கு மேல்வரம்பு விதியிலேயே எழுதப்படாவிட்டால், பழைய கட்டு இரும்புக்கட்டாகிவிடும்.

இவ்வேட்டால் விளையக்கூடிய பெரும்பயன் வேறொன்று. 2023 திசம்பரில் மிச்சாங்குப் புயல் வெள்ளத்தின்போது எண்ணூர்க் கழியில் எண்ணெய் பரவிற்று. பழவேற்காட்டையும் எண்ணூரையும் பக்கிங்காம் கால்வாய் இணைக்கிறது. ஒன்றின் கேடு மற்றதன் கதவைத் தட்டும். இத்தகைய கேட்டுக்குப் பின் துயர்துடைப்புத் தொகை குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஒரே அளவில் வருகிறது. ஏன்? கேட்டுக்கு முன் இன்னார் இவ்வளவு பிடித்தார், பின் இவ்வளவே பிடித்தார் என்று காட்ட மீனவர் கையில் ஏடில்லை. அனல்மின் நிலையமும் துறைமுகமும் தம் கணக்கோடு வழக்குமன்றம் ஏறுகின்றன. மீனவர் கண்ணீரோடு ஏறுகின்றனர். நாள்தோறும் இருவர் ஒப்பிப் பதிந்து, பலர் கையில் படியுள்ள பிடிப்புக் கணக்கு பத்தாண்டுக்கு இருந்தால், அதனைப் பின்னால் புனைந்தது என்று எந்த வழக்கறிஞரும் எளிதிற் சொல்ல இயலாது.

இதற்கு அடித்தளம் அயலாரிடம் கேட்க வேண்டியதுமன்று. தமிழ்நாட்டரசு 2020-இல் தொடரேட்டுக் கொள்கையை வெளியிட்டது; அரசின் மின்னாளுமை முகமை அமைத்த தொடரேட்டு அடித்தளத்துக்கு நம்பிக்கை இணையம் என்று தமிழிலேயே பெயர். சான்றிதழ்களுக்கு என்று எண்ணப்பட்ட அதில், ஏரிக்கரைக் கூட்டுறவுக்கும் ஓர் இடம் கேட்பது உரிமை.

கேட்குமுன் குப்பங்கள் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. ஏட்டின் முதற் பக்கத்தில் எவரெவர் பெயர் ஏறும் என்பதை ஊர்கள் கூடி உறுதி செய்தல் வேண்டும் – தலைக்கட்டார் மட்டுமா, தலையிற் கூடை சுமந்து விற்கும் மகளிருமா, பறியோடு நீரில் நிற்கும் இருளருமா என்று. கணிப்பொறியாளர் வருவது அதற்குப் பின்.