ஆடையைத் தனியே அனுப்பலாமோ?



கணினித் திரையில் மனித உருவங்களைச் சமைத்து, அவற்றுக்கு நடையும் அசைவும் அளிக்கும் கலை இன்று மாணவர் பலருக்குப் பழக்கமாகிவிட்டது. அதற்கென விலையின்றிக் கிடைக்கும் மென்பொருள்களுள் மேக்ஹியூமன் ஒன்று, பிளெண்டர் மற்றொன்று. முன்னது மனித உருவத்தை ஆக்கித் தருவது. பின்னது அவ்வுருவத்தைத் திருத்தவும் தீட்டவும் இயக்கவும் வல்லது. இவற்றில் ஓர் உருவத்துக்கு அணிவித்த ஆடையின் தோற்றத்தைச் சேமித்து வைப்பதும், பிறருக்கு வழங்குவதும் எவ்வாறு என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். பல நாள் உழைத்துத் தீட்டிய சட்டை, நண்பருடைய கணினியில் கோடும் பூவும் இழந்து வெறும் களிமண் நிறத்தில் தோன்றுமானால், உழைத்தவருக்கு வருத்தம், பெற்றவருக்கோ ஏமாற்றம். அது ஏன் நேர்கிறது என்று பார்ப்போம்.

திரையில் காணும் சட்டை இரண்டு பகுதிகளால் ஆனது. ஒன்று அதன் வடிவம். மற்றொன்று அவ்வடிவத்தின்மேல் போர்த்தப்படும் படம். இப்படத்தையே டெக்ஸ்சர் என்கிறோம். வளைந்த பரப்பின்மேல் படத்தைப் போர்த்தும் முறையை 1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் எட்வின் கேட்மல் என்பவர் தம் ஆராய்ச்சியுரையில் விளக்கினார். தையற்காரர் தட்டையான துணியை வெட்டி உடலுக்கேற்பத் தைக்கிறார் அல்லவா? இங்கே வேலை தலைகீழாக நடைபெறுகிறது. தைத்து முடித்த சட்டையைத் தையல் வழியே பிரித்து, மேசைமேல் தட்டையாகப் பரப்புகிறோம். சட்டையின் ஒவ்வொரு புள்ளியும் படத்தில் எந்த இடத்துக்கு உரியது என்பதை இரண்டு எண்கள் குறிக்கின்றன. இதற்கு யு.வி. வரைபடம் என்று பெயர். ஆகவே, ஒரு சட்டைக்குத் தீட்டிய படம் மற்றொரு சட்டைக்குப் பெரும்பாலும் பொருந்தாது. கழுத்துப்பட்டைக்கு வரைந்த கரை முழங்கையில் போய் நிற்கும். படத்தை மட்டும் அனுப்பிவிட்டு, "ஆடையை அனுப்பிவிட்டேன்" என்று சொல்வது பொருந்தாமைக்குக் காரணம் இதுவே.

மேக்ஹியூமனில் ஓர் ஆடை பல கோப்புகளின் கூட்டமாகும். வடிவத்தைச் சொல்லும் கோப்பு ஒன்று. ஆடையின் புள்ளிகள் உடலின் எந்தப் புள்ளிகளோடு இணைந்துள்ளன என்று சொல்லும் கோப்பு மற்றொன்று; உருவம் பருத்தாலும் மெலிந்தாலும் ஆடை உடன் மாறுவது இதனால்தான். மூன்றாவது, நிறம், பளபளப்பு முதலிய தன்மைகளைக் குறிக்கும் கோப்பு. இது எளிய எழுத்துக் கோப்பு. இதனுள்ளேதான் படத்தின் பெயர் எழுதப்பட்டிருக்கும். நான்காவது, படமே. மூன்றாவது கோப்பில் உங்கள் கணினிக்கே உரிய நீண்ட முகவரியை எழுதினால், நண்பருடைய கணினியில் அந்த முகவரி இராது, படமும் கிடையாது. படத்தை அதே கோப்புறையில் வைத்து, அதன் பெயரை மட்டும் குறிப்பதே நல்ல வழி.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மேக்ஹியூமனில் உருவத்தைச் சேமிக்கும்போது உண்டாகும் கோப்பில், உயரம் பருமன் முதலிய அளவுகளும் ஆடையின் பெயரும் அடையாள எண்ணுமே இருக்கும். ஆடை அதனுள் இராது. விருந்தினரை அழைத்த கடிதத்தில் விருந்து இராதது போலத்தான் இதுவும்.

பிளெண்டரில் தீட்டுவோர் வேறு விதமாக இடர்ப்படுகின்றனர். வேலைக் கோப்பைச் சேமித்தாலே வெளிக் கோப்பாக உள்ள படத்தில் தீட்டியதும் சேர்ந்துவிடும் என்று எண்ணுகிறார்கள். அப்படியன்று. படத்தைத் தனியே சேமிக்க வேண்டும். அல்லது வேலைக் கோப்புக்குள்ளேயே படங்களைப் பொதிந்துவிடும் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். படம் காணாமற்போனால் பிளெண்டர் அவ்விடத்தை ஊதா கலந்த கடும் இளஞ்சிவப்பில் காட்டும். அழகற்ற நிறந்தான், ஆனால் குறையை மறைக்காமல் சொல்லிவிடுகிறது.

படத்தை எவ்வகையில் சேமிப்பது? ஜேபெக் வகை அளவிற் சிறியது. ஆயினும், திருத்தித் திருத்திச் சேமிக்குந்தோறும் நுட்பம் சிறிது சிறிதாகக் குறையும். அன்றியும், அதில் ஒளிபுகும் இடத்தைக் குறிக்க இயலாது. வலைத்துணி, சரிகைக் குஞ்சம் போன்றவற்றுக்குப் பி.என்.ஜி. வகையே ஏற்றது. பக்கத்துக்கு 2048 புள்ளிகள் உள்ள சதுரப் படம் நினைவகத்தில் விரியும்போது, புள்ளிக்கு 4 பைட் வீதம் 16 மெகாபைட் இடத்தைப் பிடிக்கும்; 4096 என்றால் அதுபோல் நான்கு மடங்கு. சட்டைப் பொத்தானுக்கு இவ்வளவு எதற்கு?

இவையெல்லாம் கைவேலை. உரிமை பற்றிய செய்தியே இவற்றினும் முதன்மையானது. பலரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். மேக்ஹியூமனின் சொந்தப் பொருள்களைக் கொண்டு ஆக்கி வெளியே எடுத்த உருவங்களை எவரும் எதற்கும் பயன்படுத்தலாம். அதற்கு வழிசெய்வது சி.சி. ஜீரோ என்னும் உரிமைத் துறப்பு. இதனைக் கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு 2009-இல் வெளியிட்டது. ஆனால், பயனர்கள் ஆக்கி வழங்கும் ஆடைகள் அனைத்தும் அப்படிப்பட்டவை அல்ல. சில, ஆக்கியவர் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற நிபந்தனையோடு வருகின்றன. அத்தகைய ஆடையில் நீங்கள் நிறத்தை மாற்றினாலும் அவர் பெயரை நீக்கலாகாது. மாற்றியவர் நீங்கள் என்பதையும் சொல்ல வேண்டும். துணிக்கடையின் விளம்பரத்திலிருந்து பூவேலைப் படத்தை எடுத்து ஒட்டிக்கொண்டு, "இலவசம்" என்று எழுதிவிடுவது வழங்குதல் ஆகாது. அந்தப் பூவை வரைந்தவர் ஒருவர் இருக்கிறார். பிறர் பொருளைத் தானம் செய்ய நமக்கு உரிமை ஏது?

இதற்கு மறுதலையான நிலையும் உண்டு. எல்லாம் சொந்தமாகவே வரைந்து, உரிமம் ஒன்றும் குறிக்காமல் விடுவோரும் இருக்கிறார்கள். உரிமம் இல்லாத படைப்பின் உரிமை முழுதும் படைத்தவரிடமே நிற்கும். நேர்மையான மாணவன் ஒருவன் அதனைத் தன் படத்தில் பயன்படுத்தத் தயங்குவான், நேர்மையற்றவனோ தயங்கமாட்டான். நல்ல எண்ணத்தோடு கொடுத்தது நல்லவனுக்கே பயன்படாமற் போவது எவ்வளவு விந்தை!

ஆதலால், கோப்புறையில் சிறிய எழுத்துக் கோப்பு ஒன்றைச் சேருங்கள். எந்த ஆடைக்கு உரிய படம், யார் ஆக்கியது, எந்த ஆண்டு, எவருடைய படைப்பிலிருந்து மாற்றியது, என்ன உரிமம் என்பவை அதில் இருக்கட்டும். ஐந்து வரி போதும். பிறகு கோப்புறையைச் சுருக்கி, அனுப்புமுன் வேறோர் இடத்தில் விரித்துத் திறந்து பாருங்கள். அப்போது உங்கள் பழைய கோப்புறையின் பெயரைச் சிறிது நேரம் மாற்றி வையுங்கள். இல்லையெனில், மென்பொருள் பழைய இடத்திலிருந்தே படத்தை எடுத்துக்கொண்டு, எல்லாம் சரியாக இருப்பதுபோல் காட்டிவிடும்.