பல் சாட்சி சொல்கிறது

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய படிப்பு வகுப்பில் ஆற்றிய உரை)



2018 ஜனவரியில் மத்திய கல்வி இலாகாவின் இணை மந்திரியாக இருந்த சத்யபால் சிங் ஒரு கேள்வி போட்டார். குரங்கு மனிதனாக மாறியதைக் கண்ணால் கண்டவர் உண்டா என்று கேட்டார். டார்வின் சொன்னது தவறு, பாடத்தை மாற்ற வேண்டும் என்றும் சொன்னார். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நாம் பெரிய கலாசாலைக்குப் போக வேண்டியதில்லை. மாட்டுச் சந்தைக்குப் போனால் போதும்.

சந்தையில் நிற்கும் காளை பிறந்ததை நம்மில் யார் கண்டோம்? ஒருவரும் காணவில்லை. அதற்காக விற்கிறவர் சொல்லும் வயதை அப்படியே நம்பிவிடுகிறோமா? வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறோம். இரண்டு பல்லா, நாலு பல்லா, ஆறு பல்லா, கடை சேர்ந்துவிட்டதா என்று பார்த்த பிறகே விலை பேசுகிறோம். நாம் காணாத பிறப்புக்குப் பல் சாட்சி சொல்கிறது.

பஞ்சாலையிலும் இந்தச் சாட்சி ஏறியிருக்கிறது. இங்கிலாந்தில் 1833-ம் ஆண்டுச் சட்டம், 9 வயது நிரம்பாத பிள்ளைகளை நூற்பு ஆலைகளில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. 13 வயதுக்குட்பட்டவர்களுக்கு நாளொன்றுக்கு 9 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. ஆனால் பிறப்புப் பதிவு சரிவர இல்லாத காலம் அது. பிள்ளையின் உயரத்தைப் பார்த்து வயதை மதிப்பிட்டார்கள். எட்வின் சாண்டர்ஸ் என்ற பல் வைத்தியர் ஆயிரத்துக்கும் அதிகமான பிள்ளைகளின் வாயைச் சோதித்தார். உயரத்தைவிடப் பல்லே வயதைச் சரியாகக் காட்டும் என்று 1837-ல் பார்லிமெண்டு அங்கத்தினர்களுக்கு எழுதினார்.

காளையின் வயதையும் பிள்ளையின் வயதையும் சொல்லும் பல், மனித குலத்தின் வம்சத்தையும் சொல்லும். எப்படி? நம் வாயையே எடுத்துக்கொள்வோம். நாக்கால் தடவிப் பாருங்கள். நடுவிலிருந்து ஒரு பக்கமாகப் போனால் இரண்டு முன்பல், ஒரு கோரைப்பல், அடுத்து இரண்டு சிறிய கடைவாய்ப் பல், கடைசியில் மூன்று பெரிய கடைவாய்ப் பல். ஆக எட்டு. நான்கு பக்கமும் சேர்த்தால் 32.

வளர்ந்த மாட்டுக்கும் 32 பல்தானே என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மாட்டின் மேல்தாடையில் முன்பல்லே கிடையாது. எண்ணிக்கை ஒன்று, வரிசை வேறு. கோயில் மதிலில் திரியும் நம் நாட்டுக் குரங்குக்கோ எண்ணிக்கையும் இதுவே, வரிசையும் இதுவே. வாலில்லாக் குரங்குகளான சிம்பன்சியும் கொரில்லாவும் இன்னும் நெருக்கம். அவற்றின் கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஐந்து மேடுகள். இடையே உண்டிவில் கவட்டை போன்ற பள்ளம். நம்முடைய கீழ்க் கடைவாய்ப் பல்லிலும் அதே மேடு, அதே பள்ளம்!

ஆகவே இன்றைய குரங்கு நமக்குப் பாட்டன் அல்ல, பங்காளி. ஒரே மூதாதையிடமிருந்து கிளை பிரிந்தவர்கள் நாம்.

உடம்பிலேயே மிகக் கடினமானது பல்லின் மேலுள்ள எனாமல். சதை அழுகிப் போகும், எலும்பு மக்கிப் போகும், பல் நிற்கும். திருவக்கரையில் மரம் கல்லாகிக் கிடக்கிறதல்லவா? பல்லும் தாடையும் அப்படியே கல்லாகிப் பாறைகளில் கிடைக்கின்றன.

நம் நாட்டிலேயே கிடைத்தது. 1932-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் லூயிஸ், இன்றைய இமாசலப் பிரதேசத்தில் ஹரிதல்யாங்கர் அருகே பற்களோடு கூடிய ஒரு மேல்தாடைத் துண்டைக் கண்டெடுத்தார். ராமன் பெயரால் அதற்கு ‘ராமபிதேகஸ்’ என்று பெயர் வைத்தார். கோரைப்பல் சிறியது, எனாமல் தடித்தது, எனவே இதுவே மனிதனின் மூதாதை என்று 1960-களில் விஞ்ஞானிகள் பலர் சொன்னார்கள். 1967-ல் சாரிச், வில்சன் என்ற இருவர் ரத்தப் புரதங்களை ஒப்பிட்டு, மனிதனும் சிம்பன்சியும் அவ்வளவு காலத்துக்கு முன்பு பிரியவில்லை என்று மறுத்தார்கள். பிறகு பாகிஸ்தானில் இதே வகைப் பிராணியின் முகம் கிடைத்தது. 1982-ல் அதன் விவரம் வெளிவந்தபோது, அது ஒராங்குட்டானின் உறவு என்று தெளிவாயிற்று.

பல் பொய் சொல்லவில்லை. ஒரு துண்டை வைத்து முழுத் தாடையையும் ஊகித்ததில்தான் பிழை. புதிய சாட்சி வந்ததும் விஞ்ஞானம் தன் தீர்ப்பைத் தானே திருத்தியது. அதுதான் அதன் பலம்.

1992-ல் எத்தியோப்பியாவின் அராமிஸில் ஜப்பானிய விஞ்ஞானி ஜென் சுவா ஒரு கடைவாய்ப் பல்லைக் கண்டார். தொடர்ந்து தேடியதில் 44 லட்சம் ஆண்டுகளுக்கு முந்திய ஓர் இனமே வெளிப்பட்டது. சிம்பன்சி ஆணுக்குள்ள கத்தி போன்ற கோரைப்பல் அதற்கு இல்லை. சிறுத்து, நம் பல்லின் பக்கம் சாய்ந்திருந்தது. பின்னால் கருவியும் தீயும் வந்து வாயின் வேலையைக் குறைத்தன. தாடை குறுகியது. கடைசிக் கடைவாய்ப் பல்லான ஞானப்பல் முளைக்க இடமில்லாமல் இன்று பலர் வலியில் துடிப்பதும் அந்த மாறுதலின் தடயமே.

தோழர்களே, இந்த விஷயம் நமக்கு எதற்கு? 2023-ல் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் கவுன்சில், 10-ம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பாடத்தை எடுத்துவிட்டது. 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டுக் கண்டித்தார்கள். 12-ம் வகுப்பு உயிரியலில் இருக்கிறதே என்று சமாதானம் சொன்னார்கள். 10-ம் வகுப்போடு படிப்பை விட்டு மில்லுக்கும் வயலுக்கும் வருகிற பிள்ளை யாருடைய பிள்ளை? நம் பிள்ளை!

அந்தப் பிள்ளையிடம்தான், ஒருவன் முகத்தில் பிறந்தான், இன்னொருவன் காலில் பிறந்தான் என்ற பழங்கதையைச் சொல்கிறார்கள். வாயைத் திறந்து பாருங்கள். மிராசுதார் பிள்ளைக்கும் பண்ணையாள் பிள்ளைக்கும் 6 வயதை ஒட்டி முளைப்பது அதே முதல் கடைவாய்ப் பல்தான். 12 வயதை ஒட்டி முளைப்பது அதே இரண்டாவது பல்தான். மேல் சாதிக்கு ஒரு மேடு அதிகமில்லை, கீழ் சாதி என்று சொல்லப்பட்டவருக்கு ஒரு மேடு குறைவில்லை. பிள்ளைப் பருவத்தில் கடும் பட்டினியோ நோயோ வந்தால் எனாமலில் வரி விழும். அந்த வரி பிறப்பு எழுதியதல்ல, வறுமை எழுதியது. வறுமையை மாற்ற முடியும்.

இன்று வீட்டுக்குப் போனதும் பிள்ளைகளை அருகே உட்கார வையுங்கள். பல்லை எண்ணச் சொல்லுங்கள். பள்ளிக்கூடம் விட்ட பாடத்தை நாம் சொல்லிக் கொடுப்போம். பள்ளிக்கூடத்திலும் அது இருக்க வேண்டும் என்று சேர்ந்து கேட்போம்.