தறியும் தலைமுறையும்



தமிழில் நூல் என்பது பஞ்சிலிருந்து இழுத்த இழைக்கும் பெயர். புலவன் யாத்த ஏட்டுக்கும் பெயர். பா என்றால் செய்யுள். தறியில் நீளவாட்டில் ஓடும் இழைத் தொகுதியும் பாவே. சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்கும் பெண்ணாகவும் அறிவைக் கதிராகவும் நன்னூற் பாயிரம் உருவகம் செய்கிறது. சங்கப் புலவர் வரிசையில் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் வீற்றிருக்கிறார். அறுவை என்பது ஆடை. மதுரைக்குத் தென்கிழக்கே கீழடியில், நூல் நூற்கும் தக்களிகளும் நெசவுக்குரிய எலும்பு முனைக் கருவிகளும் அகழாய்வில் வெளிப்பட்டன. வைகைக் கரையில் பாட்டும் நெசவும் பழைய உறவினர். ஆகவே, நெசவு எவ்வாறு ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குச் சென்றது, இன்று அது எங்கே தடைப்படுகிறது என்று இந்த அவை சிந்திப்பது பொருந்தும்.

பட்டுநூல்காரர் என்று முன்னாளில் அழைக்கப்பட்ட சௌராஷ்டிர மக்களின் வீடுகளே இதற்குத் தக்க சான்று. திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றிய தெருக்களிலும், நிலையூர்க் கைத்தறி நகரிலும், பரமக்குடி, எமனேசுவரம் பகுதிகளிலும் அவர்தம் தறிகள் ஒலித்து வந்துள்ளன. இவ்வீடுகளில் நெசவு கற்பிக்கப்படும் நாள் என்று ஒரு நாள் இல்லை. குழந்தை முதலில் தார் சுற்றப் பழகும். பிறகு அறுந்த இழையை முடியிடக் கற்கும். விடியற்காலையில் தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போடும்போது ஒரு முனையைப் பிடித்து நிற்கும். குழித்தறியின் மிதிப்பலகையைக் கால் எட்டும் வயதில் தறியில் அமரும்போது, கைக்கு எல்லாம் முன்பே தெரிந்திருக்கும்.

தறியில் பாவு பிணைத்தல் என்றொரு வேலை உண்டு. ஒரு பாவு நெய்து முடியும்போது அதனை முற்றிலும் அறுத்தெடுத்துவிடுவதில்லை. விழுதிலும் அச்சிலும் கோத்த பழைய இழைகளின் நுனிகளை விட்டுவைப்பர். புதிய பாவின் இழைகளை அந்நுனிகளோடு ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைப்பர். ஓர் இழை இடம் மாறினாலும் துணியில் குற்றம் தெரியும். குடும்ப மரபும் இத்தகையதே. தந்தை மகனுக்கு விட்டுச் செல்வது முடிந்த சேலையை அன்று, பிணைப்பதற்குரிய நுனிகளை. பிணைக்கும் உழைப்பு அடுத்த தலைமுறைக்கு உரியது.

தறியை விட்டு வேறு தொழிலுக்குச் செல்வதைத் துரோகமென்று பேசுவோர் உளர். அவர்கள் மத்தியப் பிரதேசத்து மந்தசோர்க் கல்வெட்டை நினைவுகொள்ள வேண்டும். லாட நாட்டிலிருந்து, அதாவது இன்றைய குசராத்தின் தென்பகுதியிலிருந்து, குடிபெயர்ந்த பட்டு நெசவாளர் குழு அங்கே கி.பி. 437-இல் சூரியனுக்குக் கோயில் எடுத்தது. 473-இல் அதனைப் புதுப்பித்தது. மதுரைச் சௌராஷ்டிரர் தம் முன்னோர் வரலாற்றை இக்குழுவோடு இணைத்துப் பேசுவதுண்டு. அக்குழுவினருள் சிலர் வில்வித்தையிலும், சிலர் சோதிடத்திலும் சிறந்தனர். மற்றையோர் நெசவிலேயே நின்றனர் என்று கல்வெட்டு பெருமிதத்துடன் கூறுகிறது. சென்றவர்க்கும் நின்றவர்க்கும் அதில் சமமான இடம் உண்டு. அதனை யாத்தவர் வத்ஸபட்டி என்னும் கவிஞர். நெசவாளர் கூடித் தம் கதையைக் கவிஞர் ஒருவரைக் கொண்டு எழுதுவித்தார்கள் என்பது இந்த அவைக்கு உவப்பான செய்தி.

சிலர் விலகுவது பழைய வழக்கம். நுனியை விட்டுவைக்க எவரும் எஞ்சாத நிலையே புதியது. 1995–96-ஆம் ஆண்டுக் கைத்தறிக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 65 இலட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் இருந்தனர். 2019–20-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 35.22 இலட்சம் பேரே இருந்தனர். விசைத்தறி ஒரு காரணம். மற்றொன்று வீட்டுக்குள் இருக்கிறது. கூலி நெய்த துணிக்குத்தான். தார் சுற்றிய மனைவிக்கும், பாவு விரித்த பாட்டனாருக்கும் தனிக் கூலி பெரும்பாலும் கிடையாது. நான்கு பேர் உழைப்பை ஒருவர் கூலியில் அடக்கும் தொழிலை ஒரு மகன் மறுத்தால், அவன் மறுப்பது கலையை அன்று, அந்தக் கணக்கை.

சுங்குடியின் கதையும் இதுவே. துணியைச் சிறுசிறு புள்ளிகளாகக் கிள்ளி நூலால் இறுக்கிக் கட்டி, சாயம் தோய்த்து, உலர்ந்தபின் முடிச்சுகளை அவிழ்த்தால் வெள்ளைப் புள்ளிகள் மலரும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள். பெரும்பாலும் பெண்கள் வீட்டிலிருந்தே போடுபவை. அச்சிட்ட புள்ளிகள் மலிவாய்க் கிடைக்கவே முடிச்சுக்கு மதிப்புக் குறைந்தது. 2005-இல் மதுரைச் சுங்குடி புவிசார் குறியீடு பெற்றது. பெயருக்குக் காப்புக் கிடைத்தது. முடிச்சிடும் விரலுக்கு உரிய கூலி கிடைத்தால்தான் அந்தப் பெயருக்குப் பொருள் உண்டு.

இலக்கியம் இம்மக்களுக்குப் பட்ட கடன் சிறிதன்று. மதுரையில் நெசவுக் குடும்பத்தில் பிறந்த நடனகோபால நாயகி சுவாமிகள் (1843–1914) சௌராஷ்டிர மொழியிலும் தமிழிலும் பக்திப் பாடல்கள் புனைந்தார். கும்பகோணத்தில் பட்டு, சரிகை வணிகம் செய்த எம்.வி. வெங்கட்ராம், 1975-இல் வெளிவந்த ‘வேள்வித் தீ’ நாவலில் சௌராஷ்டிர நெசவாளியின் உழைப்பையும் மனப்போராட்டத்தையும் எழுத்தாக்கினார். தறிவீட்டை உள்ளிருந்து அறிந்தவர் எழுதியதால் அங்கே வறுமை காட்சிப்பொருளாகவில்லை. மனிதர் மனிதராகவே நிற்கின்றனர்.

கவிஞர்கள் தறியை உவமையாக்குவதில் குறைவில்லை. வாழ்க்கை ஊடும் பாவும் என்று எழுதாதவர் அரியர். ஆயின் பாவாற்றி எது, விழுது எது, தார் எது என்று அறிந்து எழுதுவோர் எத்தனை பேர்? தறி நின்ற வீட்டில் முதலில் மறைவன அதன் சொற்களே. பத்தாண்டு நிறைவு காணும் இந்த வட்டம், இனிவரும் ஆண்டுகளில் முதிய நெசவாளர்களிடம் சென்று, அவர்தம் தொழிற்சொற்களையும், பெண்களின் வேலைமுறைகளையும், கூலிக் கணக்கையும் அவர்கள் வாய்மொழியிலேயே எழுதித் தொகுக்கலாம். கூலியை உயர்த்தும் ஆற்றல் கவிதைக்கு இல்லை. யாருடைய உழைப்புக் கணக்கில் வராமல் போயிற்று என்பதைச் சொல்லும் ஆற்றல் அதற்கு உண்டு.

அச்சில் இன்னும் சில நுனிகள் எஞ்சியிருக்கின்றன. பிணைக்கும் வேலையில் சொல்லுக்கும் ஒரு பங்கு இருக்கட்டும்.