மோட்டாரின் திசையை மாற்றும் பாலம்

நிலைக்காந்தம் பொருத்திய நேர்மின்னோட்ட மோட்டாரில், மின்னோட்டம் பாயும் திசையை மாற்றினால் சுழலும் திசையும் மாறிவிடும். இதற்கு உதவும் ‘எச்-பாலம்’ என்பது, நான்கு மின்னணுச் சுவிட்சுகளை ‘எச்’ எழுத்தின் நான்கு கால்களிலும் மோட்டாரை அதன் நடுக்கோட்டிலும் அமைத்த சுற்றாகும். மூலைவிட்டமாக உள்ள ஓர் இணை மூடினால் மோட்டார் முன்னோக்கியும், மற்ற இணை மூடினால் பின்னோக்கியும் சுழலும். ஒரே பக்கத்துச் சுவிட்சுகள் இரண்டும் ஒருசேர மூடினால் குறுக்குச்சுற்று ஏற்பட்டுப் பாலமே கருகக்கூடும் என்பதால், திசை மாறும்போது அனைத்தும் கணநேரம் திறந்து வைக்கப்படுகின்றன. இம்மோட்டாரைக் கைப்பேசியால் இயக்கும்போது, கைப்பேசி புளூடூத் அலையில் அனுப்பும் கட்டளையைப் படித்து, உரிய இணையை இயக்குவது, ஒரே சில்லுக்குள் அடங்கிய சிறு கணினியான நுண்கட்டுப்படுத்தியின் பணி. அதன் முனைகள் சில பத்து மில்லிஆம்பியரே தரவல்லவையாதலால், அது கட்டளை மட்டுமே இட, மோட்டாரைச் சுழற்றும் மின்னோட்டம் மின்கலத்திலிருந்து பாலத்தின் வழியே பாய்கிறது.