கப்பல் பெட்டியில் குடித்தனம்

உப்புக்காற்று இரும்பை என்ன பாடு படுத்தும் என்று கடலோர ஊரான முட்டத்தின் ஜன்னல் கம்பிகளைக் கேட்டால் தெரியும். அந்த ஊரில் பழைய கப்பல் கன்டெய்னரை வாங்கி வீடாக்கினால் நிலைக்குமா?

40 அடி கன்டெய்னருக்குள் சுமார் 300 சதுர அடி கிடைக்கும். சுவரும் கூரையும் தயாராக வருவதால் வேலை சீக்கிரம் முடியும். பெட்டிகள் வந்துபோகும் தூத்துக்குடித் துறைமுகமும் எட்டாத தூரமில்லை.

2011 சுனாமியில் சிதைந்த ஜப்பானின் ஒனகாவாவில், கட்டடக் கலைஞர் ஷிகேரு பான் 20 அடிப் பெட்டிகளை மூன்று மாடிவரை அடுக்கி 189 தற்காலிக வீடுகள் அமைத்தார். கிடைத்த இடம் ஒரு பேஸ்பால் மைதானம். சதுரங்கப் பலகைபோல் இடம்விட்டு அடுக்கியதால், இடைவெளிகள் வெளிச்சமான கூடங்களாயின. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையோரத்துத் தற்காலிகக் கொட்டகைகளில் வெந்து கிடந்தவர்களுக்கு அதன் அருமை புரியும்.

ஆம், வெக்கைதான் பெரிய சிக்கல். மேலே ஓலையோ ஓடோ போட்டு இன்னொரு கூரை வேண்டும். சுவருக்கு வெப்பத்தடுப்பும் வேண்டும்.

கன்டெய்னரின் கோர்ட்டென் எஃகு துருவை ஓரளவு தாங்கும். ஓயாத உப்புச் சாரலில் அதுவும் அரிக்கும். வர்ணம் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். எடையை மூலைத் தூண்கள் சுமந்தாலும், ஜன்னலுக்காகப் பக்கச்சுவரை அறுத்தால் பலம் குறையும். இரும்புச் சட்டம் வைத்துப் பற்றவைத்தாக வேண்டும். தரைப்பலகையில் பூச்சிமருந்து ஏற்றியிருக்கலாம்; குடியேறுமுன் அதையும் விசாரிக்க வேண்டும்.

எல்லாச் செலவையும் கூட்டினால், செங்கல் வீட்டைவிட மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வதற்கில்லை. பெட்டிக்கு முன்பணம் கொடுப்பதற்குமுன் ஒரு பொறியாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.