தொழிற்பயிற்சி என்னும் அறமும் அதன் பயனை அளக்கும் முறையும்

(மகாவீரர் ஜயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



கற்பக மரங்கள் வளம் குன்றிய காலத்தில், பசியால் வாடிய மக்கள் நாபி மன்னனிடம் முறையிட்டனர். அவன் அவர்களைத் தன் மகன் விருஷபதேவரிடம் அனுப்பினான் என்று ஆதிபுராணம் கூறுகிறது. ஆதிபகவன் அம்மக்களுக்கு ஒரு வேளை உணவளித்து அனுப்பிவிடவில்லை. அசி, மசி, கிருஷி, வித்தை, வாணிகம், சிற்பம் என்னும் ஆறு தொழில்களைக் கற்பித்தார். வாளேந்திக் காத்தல், எழுதுகோல் ஏந்திக் கணக்கெழுதுதல், உழுதல், கலை பயிலல், வாணிகம் செய்தல், கைவினை புரிதல் என அவை விரியும். சமண மரபு போற்றும் முதல் தொழிற்பயிற்சி இதுவே. கற்றதனால் அம்மக்கள் வாழ்ந்தார்கள் என்பதே இவ்வரலாற்றின் பயன். கற்றும் அவர்கள் பசித்திருந்தனர் என்றால் இக்கதையைப் புராணம் பாடியிராது.

இன்று சமூக அறக்கட்டளைகள் பலவும் இவ்வறத்தை மேற்கொண்டுள்ளன. கணவனை இழந்த பெண்கள், மாற்றுத்திறனாளிகள், படிப்பை இடையில் விட்ட இளைஞர், நிலமற்ற கூலியாளர் ஆகியோருக்குத் தையல், ஆரி வேலைப்பாடு, கணினி, மோட்டார் காயில் கட்டுதல் போன்றவை கற்பிக்கப்படுகின்றன. விழா மேடையில் சான்றிதழும் தையல் இயந்திரமும் வழங்கப்படுகின்றன. ஆண்டறிக்கையில் இத்தனை பேருக்குப் பயிற்சி என்று ஓர் எண் இடம்பெறுகிறது. கொடுத்தவர் எவ்வளவு கொடுத்தார் என்பதை அவ்வெண் சொல்லும். பெற்றவர் என்ன பெற்றார் என்பதை அது சொல்லாது.

இவ்வேறுபாட்டைச் சிறிதென எண்ணலாகாது. நாட்கூலியால் குடும்பம் நடத்தும் ஒரு தாய் மூன்று மாதம் பயிற்சிக்கு வருகிறாள் எனக் கொள்க. அந்த மூன்று மாதக் கூலியை அவள் இழக்கிறாள்; பேருந்துக் கட்டணம் கொடுக்கிறாள்; கடன் வாங்கி இயந்திரமும் வாங்குகிறாள். அதன் பின்னர் வேலை கிடைக்கவில்லை என்றால், முன்பு இல்லாத கடன் ஒன்று அவள் வீட்டில் வந்து அமர்கிறது. 'கற்றுக்கொடுத்தும் பிழைக்கத் தெரியவில்லை' என்ற பழிச்சொல்லும் உடன் வருகிறது. ஆகவே பயனற்ற பயிற்சியைப் பணவிரயம் என்று மட்டும் கூறி விட்டுவிட இயலாது. அது எளியவர்க்கு இழைக்கும் ஊறும் ஆகும். கால்வைக்கும் இடத்தைப் பார்த்து நடக்கச் சொல்லும் நெறியினர், அறம் செய்யும் இடத்தையும் பார்த்தே செய்தல் வேண்டும்.

பின்தொடர்ந்து பார்க்கும் வழக்கத்துக்குச் சமணர் கைப்பட்ட முன்மாதிரி ஒன்று அண்டை மாநிலத்தில் உண்டு. கருநாடகத்துத் தர்மஸ்தலத்தில் மஞ்சுநாதர் கோயிலைச் சமணக் குடும்பம் ஒன்று வழிவழியாக நிருவகித்து வருகிறது. அத்தலத்தின் கல்வி அறக்கட்டளை, தர்மாதிகாரி வீரேந்திர ஹெக்டே அவர்களின் முயற்சியால், சிண்டிகேட் வங்கி, கனரா வங்கி ஆகியவற்றோடு இணைந்து 1982ஆம் ஆண்டு உஜிரெ என்னும் ஊரில் 'ருட்செட்டி' என்னும் தன்வேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கியது. ஊரக இளைஞர்க்குத் தங்குமிடமும் உணவும் தந்து, கட்டணமின்றித் தொழில் கற்பிப்பது அதன் பணி. அதன் வெற்றியைக் கண்ட நடுவண் அரசின் ஊரக வளர்ச்சி அமைச்சகம், மாவட்டத்துக்கு ஒன்றாக இத்தகைய நிறுவனங்களை வங்கிகள் அமைக்க 2009இல் வழிவகுத்தது. தமிழ்நாட்டு மாவட்டங்களில் 'ஆர்செட்டி' என்று வழங்குவது இதுவே.

இத்திட்டத்தின் உயிர்நாடி, பயிற்சிக் காலம் குறுகியது, துணைநிற்கும் காலம் நீண்டது என்னும் கொள்கையாகும். பயிற்சி சில நாள்களிலோ சில வாரங்களிலோ முடிந்துவிடும். அதன்பின் ஈராண்டுக் காலம் பயிற்சி பெற்றவரை நிறுவனம் பின்தொடர்தல் வேண்டும். வங்கிக் கடன் பெற வழிகாட்டுதல் வேண்டும். பயின்றவர் எத்தனை பேர், தொழிலில் அமர்ந்தவர் எத்தனை பேர் என்று இரண்டு எண்கள் தனித்தனியே எழுதப்படும். அமர்ந்தவருள்ளும் வங்கிக் கடனால் தொழில் தொடங்கியவர் எவர், சொந்தப் பணத்தால் தொடங்கியவர் எவர் எனப் பிரித்து எழுதப்படும். ஓர் எண்ணை இரண்டாக்கிய இச்செயல் எளிதாகத் தோன்றினும், அறிக்கை எழுதுவோர் கண்ணை மேடையிலிருந்து வீட்டை நோக்கித் திருப்பியது இதுவே.

ஆயினும், தொழிலில் அமர்ந்தோரை எண்ணிவிட்டால் போதுமா என்னும் வினா எஞ்சி நிற்கிறது. பயிற்சி பெற்ற நூறு பேரில் அறுபது பேர் இன்று வேலையில் உள்ளனர் என்றால், அறுபது பேரையும் பயிற்சியே வாழவைத்தது என்று கூறிவிடலாமா? பயிற்சிக்கு முன்வருவோர் பெரும்பாலும் ஊக்கம் மிக்கவர். பயிற்சி இன்றியும் அவருட் சிலர் வேலை தேடிக்கொண்டிருப்பர். மேலும், வேலையை அண்மையில் இழந்தவரே பயிற்சியை நாடுவது இயல்பு. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஆர்லி ஆஷென்ஃபெல்டர் 1978இல் வெளியிட்ட ஆய்வு, பயிற்சியில் சேர்ந்தோரின் வருவாய் சேர்வதற்குச் சற்று முன்னர்த் திடீரெனச் சரிந்திருந்ததைச் சுட்டியது. காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது கொடுத்த கஷாயத்துக்கு, காய்ச்சல் தானே தணிந்த பெருமையும் சேர்வதைப் போன்றது இது. முன்னும் பின்னும் மட்டும் ஒப்பிட்டால், தானே மீண்டதும் பயிற்சியால் மீண்டதும் ஒன்றாகக் கலந்துவிடும்.

இதனைப் பிரித்தறிய ஒரு நேர்மையான வழி உண்டு. இடங்கள் குறைவாகவும் தகுதியுடைய விண்ணப்பதாரர் மிகுதியாகவும் இருக்கும்போது, சீட்டுக் குலுக்கிச் சேர்ப்பதே அவ்வழி. தமிழர்க்கு இது புதிதன்று. காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு குடவோலை முறையை விளக்குகிறது. முதலில் தகுதி வரையறுக்கப்படும். தகுதி உடையோர் பெயர்கள் ஓலையில் எழுதிக் குடத்தில் இடப்படும். சிறுவன் ஒருவன் எடுப்பான். பயிற்சிக்கும் அவ்வாறே செய்தால், பரிந்துரைக்கும் சலுகைக்கும் இடமில்லை. சீட்டு விழுந்தோரும் விழாதோரும் ஊக்கத்திலும் வறுமையிலும் ஏறத்தாழ ஒத்தவராக இருப்பர். ஓராண்டு கழித்து இரு சாராரின் வருவாயையும் ஒப்பிட்டால், இடையே தெரியும் வேறுபாடே பயிற்சியின் உண்மைப் பயன்.

இம்முறையில் அமெரிக்காவில் 1975இல் தொடங்கிய 'துணையுடன் பணி' என்னும் திட்டம் ஆராயப்பட்டது. அரசின் உதவித்தொகையை நெடுங்காலம் நம்பி வாழ்ந்த தாய்மார், போதைப் பழக்கத்திலிருந்து மீண்டோர், சிறையிலிருந்து வெளிவந்தோர், பள்ளிப் படிப்பை விட்ட இளைஞர் என நான்கு வகையினர்க்கு அத்திட்டம் பணி வழங்கியது. சிறு குழுக்களாக ஒருவருக்கொருவர் துணையாக உழைக்கச் செய்து, பொறுப்பைச் சிறிது சிறிதாக உயர்த்தினர். முடிவு என்ன? எவருக்கு வேலை கிடைப்பது அரிது என்று கருதப்பட்டதோ, அந்தத் தாய்மாரே நிலைத்த பயன் பெற்றனர். பள்ளியை விட்ட இளைஞரிடம் நிலைத்த பயன் காணப்படவில்லை. நால்வகையினரையும் ஒன்றாகக் கூட்டிச் சராசரி கண்டிருந்தால் இவ்வுண்மை மறைந்தே போயிருக்கும். ஒரு பொருளைப் பல நோக்கில் காண்க என்னும் அநேகாந்தம் இங்கும் பொருந்துகிறது. பின்னர் ராபர்ட் லலாண்ட் என்னும் அறிஞர், சீட்டில் இடம்பெறாதோரை நீக்கிவிட்டு, பொதுக் கணக்கெடுப்புகளிலிருந்து எடுத்த வேறு மக்களோடு அதே பயனாளிகளை ஒப்பிட்டுப் பார்த்தார். கிடைத்த விடைகள் பல, உண்மை விடையிலிருந்து வெகுதூரம் விலகியிருந்ததை 1986இல் வெளியிட்டார். ஒப்பிடும் ஆள் தவறினால் கணக்கே தவறும் என்பது அவர் காட்டிய பாடம்.

இந்திய மண்ணிலிருந்தும் சான்று உண்டு. தில்லியின் ஏழ்மைப் பகுதிகளில் பெண்களுக்கு அளிக்கப்பட்ட ஆறு மாதத் தையற்பயிற்சியைப் புஷ்கர் மைத்ரா, சுபா மணி ஆகிய இருவரும் இதே முறையில் ஆராய்ந்தனர். பயிற்சி வாய்ப்புப் பெற்ற பெண்களிடையே வேலையும் வருவாயும் கூடியிருந்தன. ஒன்றரை ஆண்டு கழித்தும் அப்பயன் நீடித்தது. ஆகவே தையல் என்றாலே பயனில்லை என்று கூறுவோர் கூற்றும் பிழையே. அதே ஆய்வு, இடையில் நின்றுவிட்டவர் ஏன் நின்றனர் என்பதையும் வினவியது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை; பயிற்சி மையம் தொலைவில் உள்ளது; கையில் பணம் இல்லை. சோம்பலை விடையாக எழுதிவைத்தோர் நாணத்தக்க விடைகள் இவை. பயிற்சி மையத்தின் ஒரு மூலையில் தொட்டிலும் அதனைப் பார்த்துக்கொள்ள ஒரு பாட்டியும் இருந்திருந்தால், தொடர்ந்து வந்திருப்பவர் எத்தனை பேரோ!

இவற்றிலிருந்து அறக்கட்டளை எதுவும் கடைப்பிடிக்கத் தக்கவை ஐந்து.

முதலாவது, பதிவேடு. சேர்ந்தவர், முடித்தவர், வேலை பெற்றவர், ஓராண்டு கழித்தும் வேலையில் இருப்பவர் என நான்கு எண்கள் வேண்டும். மூன்றாம், ஆறாம், பன்னிரண்டாம் திங்களில் நேரிலோ தொலைபேசியிலோ வினவி எழுதுதல் வேண்டும். அறக்கட்டளைக்கு இதற்கு ஒரு நோட்டுப்புத்தகமும் பொறுமையுள்ள ஓர் ஆசிரியரும் போதும்.

இரண்டாவது, ஒப்பீடு. விண்ணப்பம் மிகுந்தால் குடவோலை எடுக்க; இடம் கிடைக்காதோரையும் அடுத்த அணியில் சேர்ப்பதாக உறுதியளித்து, அவர் நிலையையும் குறித்துவைக்க.

மூன்றாவது, எளியவர்க்கு முன்னுரிமை. தொழிலில் அமர்ந்தோர் எண்ணிக்கையை உயர்த்த வேண்டும் என்னும் ஆசை, எளிதில் வேலை பெறக்கூடியவரையே தேர்ந்தெடுக்கத் தூண்டும். பார்வையற்றவரும், ஐம்பதை நெருங்கும் கைம்பெண்ணும் அப்போது வாயிலிலேயே நின்றுவிடுவர். மாற்றுத்திறனாளிகளுக்குத் தொழிற்பயிற்சி வாய்ப்பை உறுதி செய்தல் அரசின் கடமை என 2016ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அறக்கட்டளையின் வாயில் அதனினும் அகன்றிருத்தல் அழகு.

நான்காவது, பிறர்க்கு ஊறின்மை. ஒரே சிற்றூரில் முப்பது பேருக்குத் தையல் கற்பித்தால், தைக்கவேண்டிய ரவிக்கைகள் முப்பது மடங்கு பெருகிவிடுமா? புதியவர் பெறும் கூலி, முன்பே அங்குத் தைத்துவந்த ஏழையின் கையிலிருந்து நழுவியதாக இருக்கக்கூடும். பிரான்சு நாட்டில் வேலை தேடுவோர்க்கு உதவிய ஒரு திட்டத்தை ஆராய்ந்து 2013இல் வெளியான கட்டுரை, உதவி பெற்றோர் அடைந்த நன்மையில் ஒரு பகுதி, உதவி பெறாதோர் இழந்த வாய்ப்பே என்று காட்டியது. ஆதலின் ஊரின் தேவையை அறிந்த பின்னரே தொழிலைத் தெரிதல் வேண்டும். உயிர்க்கொலையோடு தொடர்புடைய தொழில்களை விலக்குதல் சமண அறக்கட்டளைக்குச் சொல்லாமலே விளங்கும்.

ஐந்தாவது, செலவுக் கணக்கு. நாற்பது பேருக்கு நான்கு இலட்ச ரூபாய் செலவாயிற்று எனக் கொள்க. தலைக்குப் பத்தாயிரம் என்று அறிக்கை கூறும். ஓராண்டு கழித்து வேலையில் நிலைத்தவர் எட்டுப் பேர் என்றால், ஒரு வேலைக்கு ஆன செலவு ஐம்பதாயிரம். அவ்வெட்டுப் பேரில் ஐவர் பயிற்சி இன்றியும் வேலை பெற்றிருப்பர் என ஒப்பீடு காட்டினால், பயிற்சி தந்த வேலை மூன்றே. ஒவ்வொன்றின் விலையும் ஒரு இலட்சத்து முப்பத்து மூவாயிரத்துக்கும் மேல். அதற்காக அறத்தை நிறுத்திவிடுதல் கூடாது. எஞ்சிய முப்பத்திரண்டு பேர் எந்த இடத்தில் தடுக்கி நின்றனர் என்று ஆராய்ந்து, அடுத்த ஆண்டுப் பணத்தை அந்த இடத்தில் செலவிடுதல் வேண்டும். தொட்டிலோ, பேருந்துக் கட்டணமோ, வங்கி மேலாளரிடம் உடன் செல்ல ஒரு பெரியவரோ, எது தேவை என்பது அப்போது புலப்படும்.

இவ்வாறு கணக்குப் பார்த்தால் சில ஆண்டுகளில் தோல்வி வெளிப்படும். கொடையாளர் மனம் வருந்துவர், பெயர் கெடும் என்று அஞ்சி அதனை மறைக்கும் வழக்கம் எங்கும் உண்டு. ஆனால் தன் குற்றத்தைத் தானே எடுத்துரைத்து, இனி நிகழாது காக்கும் பிரதிக்கிரமணத்தை நாள்தோறும் செய்யும் மரபு சமண மரபு. தனிமனிதர் செய்யும் அவ்வாய்வை அறக்கட்டளையும் ஆண்டுக்கொரு முறை செய்தலாகாதா? நற்காட்சி இன்றி நல்ஞானம் இல்லை. நல்ஞானம் இன்றி நல்லொழுக்கம் முழுமை பெறுவதில்லை. உள்ளதை உள்ளவாறு காணுதலே அறக்கொடைக்கும் முதற்படி.

ஆதிபகவன் தம் மகளிர் இருவருள் பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தார் என்பது மரபு. விழா மலர்களில் அறத்தைப் புகழ்ந்து எழுதும் எழுத்து நிறைய இருக்கிறது. அதனருகே சுந்தரியின் எண்ணும் ஒரு பக்கம் இடம்பெறட்டும்: சேர்ந்தோர் இத்தனை, நிலைத்தோர் இத்தனை, நிலையாதோர் இத்தனை, காரணம் இவை. அடுத்த ஆண்டு மகாவீரர் ஜயந்தியில் அப்பக்கத்தைப் படிக்கும் கொடையாளர் தம் கொடையைக் குறைக்கமாட்டார். அவ்வாண்டு சான்றிதழ் பெறும் தாயும் வெறும் தாளோடு வீடு திரும்பமாட்டாள்.

வாழ்க அறம்! ஓங்குக அருகநெறி!